கட்டுத்துணியில் நீலம்

ஊசிமலைத் தோட்டம்,
நோர்வூட்.
8-6-1957

அக்காவுக்கு,

டக்ளஸ் எழுதுகிறேன். என் கையெழுத்தைக் கண்டால் உறையைத் திறக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்று பயந்து, முகவரியை மட்டும் பெரிய கிளாக்கரிடம் கொடுத்து டைப் அடித்து வாங்கினேன்.

இரண்டு வருடம் எழுதாதவன் இப்போது எழுதுவது சமாதானத்துக்கு அல்ல. என் மகள் டோரீன் கல்யாணப் பேச்சில் நமக்குள் நடந்ததைப் பற்றி இதில் ஒன்றும் கிடையாது. எனக்கு உங்களுடைய மைக்ரோஸ்கோப், அந்த நுணுக்குக்காட்டி, தேவை. அதில் பார்க்கத் தெரிந்த கண்ணும் தேவை.

இங்கே பூரணி என்று ஒரு பெண், தேயிலைக் கொழுந்து பறிப்பவள். மே மாதம் அடுப்புக்கு மிலாறு ஒடிக்கும்போது, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய அந்தக் காய்ந்த குச்சி வலது கையில் ஆழமாகக் கிழித்துவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேரும் இடம். டிஸ்பென்சரியில் கழுவி, மருந்து வைத்து, நாள் தவறாமல் கட்டினேன். ஆறவில்லை. விரல்கள் வீங்கி, வாடை வீசத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் ஒருமுறை வரும் டாக்டர் பார்த்துவிட்டு, “அடுத்த முறை வரும்போது சிவப்புச் சதை தெரியவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு விரலையும் எடுக்காமல் கையைக் காப்பாற்ற முடியாது” என்று சொல்லிவிட்டார். ஜூன் 27, வியாழக்கிழமை வருகிறார். ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்கிறாள், அங்கே போனால் உடனே வெட்டிவிடுவார்களாம்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, “வெரலு போனா கொழுந்தப் பல்லாலயா கிள்ளுறது, டாக்டரையா?” என்றாள். அவள் புருஷன் மூக்கன் பக்கத்தில் நின்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

இவள் ஒருத்தி மட்டுமல்ல. ஈஸ்டருக்குப் பிறகு பெரிய காயத்தோடு வந்தவர்களில் யாருக்கும் ஒழுங்காக ஆறவில்லை. சின்னக் கீறலெல்லாம் ஆறிவிடுகிறது. தொழிலாளர் லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. “டாக்டரையா கையில ராசி போயிருச்சு. சின்னக் காயத்துக்குப் போ, பெரிய காயத்துக்குப் போகாத” என்கிறார்கள். இத்தனை வருடம் இந்த டிஸ்பென்சரியில் மருந்து கலக்கியவன் நான். ராஜினாமாக் கடிதம் எழுதி மேசைக்குள் வைத்திருக்கிறேன்.

மருந்தில் கிருமி இருக்கிறதா என்று உங்கள் கண்ணாடியில் பார்க்க முடியுமா?

டக்ளஸ்

---

சேசு மரி சூசை துணை

கொட்டகலை,
11-6-1957

அன்புள்ள தம்பிக்கு,

டைப் அடித்த முகவரியைக் கண்டு பென்ஷன் கடிதம் என்று நினைத்து ஆவலாகத் திறந்தேன். ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன். சந்தோஷம் என்றும் இப்போதைக்குச் சொல்வதாக இல்லை.

சமாதானத்துக்கு அல்ல என்று நீ எழுதியது நல்லது. அன்று நீ சொன்ன வார்த்தையும், நான் சொல்லாமல் விழுங்கிய பதிலும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்தப் பெண்ணின் விரலுக்கு நம்முடைய சண்டை தெரியாது.

நுணுக்குக்காட்டி நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பழுது என்று ஒதுக்கிய அதை, ஹட்டனில் நகை வேலைக்காரரிடம் கொண்டுபோய்ப் புதுத் திருகு போட்டுக் கொடுத்தவன் நீதான். அந்தத் திருகு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. ஆனால் மருந்திலுள்ள கிருமியைத் தேடிப் பெயர் சொல்ல அதற்கும் சக்தி இல்லை, எனக்கும் படிப்பு இல்லை. எனக்குத் தெரிந்த வழியில் போவோம்.

ஒரு வருடம் என் வகுப்பில் பின் வரிசைப் பிள்ளைகள் மட்டும் சொல்வதெழுதலில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். சோம்பேறிகள் என்று நினைத்தேன். முன்னால் கூப்பிட்டுத் திட்டியும் பார்த்தேன். பிறகு ஒருநாள் நானே பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தகரக் கூரையில் பெய்கிற மழைச் சத்தத்தில், முன்னால் பேசுகிற ஒரு சொல்லும் அங்கே கேட்கவில்லை! பிள்ளைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பின் வரிசைக்கு இருந்து முன் வரிசைக்கு இல்லாதது எது என்று முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

அதே கேள்வியை உன்னிடம் கேட்கிறேன். பெரிய காயத்தைத் தொட்டு, சின்னக் காயத்தைத் தொடாதது எது? மருந்தா, தண்ணீரா, துணியா? யோசித்து எழுது. காயத்தில் படுகிற துணி வகைகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி அனுப்பு. அ, ஆ, இ என்று மட்டும் குறித்து அனுப்பு. எது எது என்று எனக்குச் சொல்லாதே. தெரிந்தால் என் கண் தனக்குப் பிடித்ததையே பார்க்கும்.

உன் கைராசியை உறையில் போட்டு அனுப்ப முடியாது. ஆகவே மற்றவற்றை அனுப்பு. ராஜினாமா மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.

அக்கா
பெற்றீசியா

---

ஊசிமலை,
13-6-1957

அக்காவுக்கு,

யோசித்தேன். சின்னக் காயத்துக்கு அயடீன் தடவி, புது கோஸ் துணி உருளையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கட்டுகிறேன். பெரிய காயத்துக்கு மஞ்சள் மருந்துத் தண்ணீர். அதற்குத் துணி நிறைய வேண்டும். உருளை அவ்வளவு வராது. ஆகவே துவைத்த கட்டுத்துணியைத்தான் திரும்பவும் எடுப்போம். இது புதிதல்ல, ஆண்டுக்கணக்கில் அப்படித்தான். டிஸ்பென்சரி ஆயா அம்மாக்கண்ணு தகரத்தில் அவித்துக் கம்பியில் காயப்போடுவாள். ஈஸ்டருக்கு முன் மகள் பிரசவத்துக்கு றொசல்லைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. இப்போது டோபி அழகுமுத்துதான் வெளுக்கிறான்.

துணியில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாக்கண்ணு அவித்தது பழுப்பாக, சுருங்கி இருக்கும். இவனுடையது வெள்ளை வெளேரென்று, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வருகிறது. பார்த்தாலே மனம் நிறைகிறது. அதனால்தான் கண்ணாடி அலுமாரியில் தனியாக வைத்து, மோசமான காயங்களுக்கு மட்டும் எடுக்கிறேன். எனக்குச் சந்தேகமெல்லாம் மஞ்சள் மருந்தில்தான். போத்தல் பழையது.

சொன்னபடி மூன்று துண்டு வைத்திருக்கிறேன். ‘இ’ காயத்திலிருந்து எடுத்து நானே அவித்துக் காயவைத்தது. பயப்படாமல் தொடலாம். இதைச் சொல்லியிருக்கக்கூடாதோ? சொல்லிவிட்டேன்.

தபால் எடுக்கப் போகும் செல்லசாமி கையோடு ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிடுவான்.

பூரணிக்கு நேற்றிலிருந்து அக்குளில் நெறி கட்டியிருக்கிறது.

டக்ளஸ்

---

சேசு மரி சூசை துணை

கொட்டகலை,
15-6-1957

அன்புள்ள தம்பிக்கு,

நிதானமாகப் படி. குதிக்காதே.

முதலில் நுணுக்குக்காட்டியைத் தொடவே இல்லை. மூன்று துண்டையும் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ‘அ’ அதை உடனே குடித்துவிட்டது. ‘ஆ’வின் மேல் சொட்டு அப்படியே நின்றது, சேம்பு இலையில் மழைத்துளி நிற்குமே, அதுபோல. நான் அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு வந்து பார்த்தேன், இன்னும் நின்றது. ‘இ’ இரண்டுங்கெட்டானாக மெதுவாக உறிஞ்சியது.

கட்டுத்துணியின் வேலை என்ன, டக்ளஸ்? காயத்தில் ஊறுவதை வெளியே இழுப்பது. ‘ஆ’ ஒரு சொட்டைக்கூட இழுக்கவில்லை. அதை வைத்துக் கட்டுவது, காயத்தின் மேல் மூடி போட்டு அழுத்துவது மாதிரி.

பிறகு கண்ணாடியில் வைத்தேன். ‘அ’வில் பருத்தி நார்கள் தனித்தனியாக, முறுக்கிவிட்ட நாடா மாதிரி கிடக்கின்றன. நாருக்கும் நாருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, வெளிச்சம் வருகிறது. ‘ஆ’வில் அந்த இடைவெளியே இல்லை. நார்களுக்கு நடுவே கண்ணாடி போன்ற ஒரு சவ்வு. கஞ்சிப் பானையின் விளிம்பில் காய்ந்து உரிகிறதே, அந்த மாதிரி. சில இடத்தில் இஸ்திரிச் சூட்டில் வழவழவென்று பளபளக்கிறது. ‘இ’யில் சவ்வு கிழிந்து அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கஞ்சி மாதிரி இருக்கிறதே என்று, கடைத்தெருவில் ஒரு சின்னப் போத்தல் அயடீன் வாங்கி, தண்ணீரில் கலந்து தொட்டுப் பார்த்தேன். ‘அ’ வெறும் மஞ்சள் கறை. ‘ஆ’ கருநீலம்! மைக்கூடு கவிழ்ந்த மாதிரி. ‘இ’யில் திட்டுத் திட்டாக நீலம்.

அயடீன் நீலமாவது ஒன்றைக் கண்டால்தான், மாப்பொருள். எது எந்தத் துணி என்று நீ சொல்லவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ‘ஆ’ உன் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் அழகான துணி. அதற்கு யாரோ கஞ்சி போட்டிருக்கிறார்கள்.

நான் சொல்வதை நம்பவேண்டாம். உன் மேசையிலேயே அயடீன் இருக்கிறது.

அக்கா

---

ஊசிமலை,
16-6-1957

அக்காவுக்கு,

பூசை முடிந்து வந்ததும், பஸ்ஸில் வந்த உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. இது டிஸ்பென்சரி, சாப்பாட்டுக் கடை அல்ல. கட்டுத்துணிக்கு யாராவது கஞ்சி போடுவார்களா? நீங்கள் வாங்கிய கடை அயடீன் எப்படிப்பட்டதோ! எப்போதும் நீங்கள் நினைத்ததுதான் சரி. டோரீனைப் படிக்க வைக்கிற விஷயத்திலும் அப்படித்தான்

வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து ஒரு துணியை எடுத்தேன். அயடீனில் பஞ்சை நனைத்துத் தொட்டேன்.

நீலம்.

அடுத்ததை எடுத்தேன். நீலம். மூன்றாவதும் அதேதான். அக்கா, சின்னக் காயத்துக்கு அயடீன், பெரிய காயத்துக்கு மஞ்சள் மருந்து என்று நான் பிரித்து வைத்ததால், இந்தத் துணியும் அயடீனும் ஒரே மேசையில் இருந்தும் ஒருநாளும் சந்திக்கவே இல்லை. மேலே எழுதியதை அடித்துவிட நினைத்தேன். கிடக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியாததா?

உடனே அழகுமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

“இந்தத் துணிக்கெல்லாம் கஞ்சி போட்டியா?”

“போடாம? நல்ல பச்சரிசிக் கஞ்சிங்க. தொரை பங்களா மேசை விரிப்புக்குப் போடுறோமே, அதே கஞ்சி.”

“யாரு போடச் சொன்னது?”

“நீங்கதான், ஐயா. ஈஸ்டருக்கு முன்னால மூட்டையக் குடுத்து, ‘புதுத் தொரை பாக்க வர்றாரு, எல்லாம் தகரம் மாதிரி நிக்கணும் அழகுமுத்து’ன்னீங்க. நின்னுச்சுல்ல?”

“அது என் கோட்டுக்கு!”

“மூட்ட ஒண்ணுதானேங்க. புண்ணு கட்டுறவருக்கே இம்புட்டு விறைப்புன்னா, கட்டுற துணிக்கும் அப்பிடித்தான் வேணும்னு நெனச்சேன். நீங்களும் பாத்துப் பாத்துப் பூரிச்சீங்களே.”

பூரித்தேன், உண்மை. எவ்வளவு மோசமான காயமோ அவ்வளவு அழகான துணியாகத் தேடி எடுத்துக் கட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். “பூரணிப் புள்ள வெரலா ஐயா?” என்று மட்டும் கேட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டவேண்டிய ஆள் அவன் இல்லை.

பூரணியின் கட்டைப் பிரித்துக் கழுவி, உருளையில் மிச்சமிருந்ததை வைத்துக் கட்டினேன். பெரிய காயத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றவேண்டும். உருளை செவ்வாய்க்குள் முடிந்துவிடும். மாதக் கடைசிக்கு முன் புது உருளை வராது. அலுமாரித் துணியை அவித்தால் கஞ்சி போகுமா? நம்பிக் கட்டலாமா?

டக்ளஸ்

---

சேசு மரி சூசை துணை

கொட்டகலை,
17-6-1957

அன்புள்ள தம்பிக்கு,

இந்தப் பார்சலை இன்று கடைசி பஸ்ஸிலேயே அனுப்புகிறேன். நோர்வூட்டில் செல்லசாமியிடம் சேர்க்கும்படி கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே இருப்பவை என் சேலைகள். வகுப்புக்கு உடுத்திய வெள்ளைப் பருத்திச் சேலை இரண்டு. துவைத்துத் துவைத்து மெலிந்துபோனவை. மூன்றாவது, டோரீன் கல்யாணத்துக்கு நீ ஆள் மூலம் கொடுத்தனுப்பிய வாயில் சேலை. கல்யாணத்துக்கு நான் வரவில்லை, ஆகவே உடுத்தவும் இல்லை. பூச்சி உருண்டைகளோடு பெட்டியில் கிடந்தது. கோஸ் துணிக்கு அடுத்தபடி இவ்வளவு மெல்லிய நெசவு என் வீட்டில் வேறு இல்லை.

முதலில் அயடீன் தொட்டுப் பார்த்தேன். பழைய சேலைகளில் ஓரங்களில் மட்டும் நீலம். உன் வாயில் சேலைதான் மயில் கழுத்தாக மாறிவிட்டது, கடைக் கஞ்சி! வெந்நீரில் ஊறவைத்து, அவித்து, அலசி, மறுபடியும் அவித்தேன். நீலம் சாம்பலாகி, சாம்பல் வெறும் மஞ்சளாகும்வரை விடவில்லை. மழை ஈரத்தில் காயாததால் அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன். கரையை மட்டும் வெட்டி எறிய மனமில்லாமல் சேர்த்தே வைத்திருக்கிறேன். கட்டுவதற்கு முன் நீ இன்னொரு முறை அவித்துக்கொள்.

அலுமாரித் துணியையும் இப்படியே செய்யலாம். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் ஒரு சொட்டு அயடீன் தொடு. நீலம் வந்தால் திரும்பவும் தகரத்துக்கே அனுப்பு. காயத்துக்கு வைக்காதே.

பருத்தியும் கஞ்சியும் ஒன்றா, வேறா என்று நீ ஒருநாள் கேட்பாய். இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே சர்க்கரையால் கட்டியவை. மணி மணியாகக் கோத்த நீளச் சங்கிலிகள். வித்தியாசம் கோப்பில்தான். காலையில் உங்கள் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நேர் வரிசையாகத் தோளோடு தோள் நிற்பார்களே, அது பருத்தி. எத்தனை முறை நனைத்தாலும் அந்த வரிசை கலையாது. வரிசைக் கட்டுக்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து ஓட வழியும் இருக்கும். அதே ஆட்கள் திருவிழாவில் கும்மியடித்தால் வளைந்து வளைந்து சுற்றுவார்கள், அது கஞ்சி. அயடீன் அந்த வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால்தான் நீலம். நேர் வரிசையில் அதற்கு உட்கார இடமில்லை. உன் கட்டுத்துணியில் நடந்தது என்ன? கும்மிக்காரர்கள் வரிசைக்காரர்களுக்கு நடுவே புகுந்து, வழியை எல்லாம் அடைத்து, இஸ்திரிச் சூட்டில் அங்கேயே காய்ந்துவிட்டார்கள்.

வரிசையும் வளையமும் புத்தகத்தில் படித்தவை. என் கண்ணாடியில் தெரிந்தது நாரும் சவ்வும் மட்டுமே. தெரிந்ததையும் படித்ததையும் ஒன்றாகக் கலந்து சொல்லக்கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

அழகுமுத்துவைத் திட்டாததற்கு சந்தோஷம். இந்த முறை சந்தோஷம் என்று தாராளமாகவே எழுதுகிறேன்.

அக்கா

---

ஊசிமலை,
22-6-1957

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. உங்கள் சேலை நன்றாக இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரித்தால் துணி நனைந்திருக்கிறது, காயம் காய்ந்திருக்கிறது. இதற்கு முன் நேர் எதிர். வாடை குறைந்துவிட்டது. நெறியும் இறங்குகிறது. சிவப்பு இன்னும் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு இடம் சிவப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் நான் ஆசைப்பட்டுப் பார்க்கிறேனோ என்னவோ. கண் தனக்குப் பிடித்ததைத்தான் பார்க்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

வாயில் சேலையின் கரைத் துண்டு நேற்று அவள் முறைக்கு வந்தது. பூரணி கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். “என்னா டாக்டரையா, இது கட்டுத்துணியா, கல்யாணச் சேலையா?”

“எங்க அக்கா சேலை.”

“அய்யய்யோ! டீச்சரம்மா சேலையவா கிழிச்சீங்க? அவுங்க உங்களத் திட்டலையா?”

“இன்னும் இல்ல” என்றேன்.

அக்கா, அந்தச் சேலையை நான் ஹட்டனில் கடை கடையாக ஏறி எடுத்தேன். உங்களுக்கு அது தெரியாது. “பிள்ளை பெத்து வளத்தவனுக்குத்தான் தெரியும்” என்று நான் அன்று உங்களைப் பார்த்துச் சொன்னேனே, அதற்கு அடுத்த வாரம். அந்த வார்த்தைக்கு

வியாழக்கிழமை போகட்டும். பிறகு எழுதுகிறேன்.

டக்ளஸ்

---

கொட்டகலை,
25-6-1957

தம்பி,

வெட்டுவதானாலும், வேண்டாம் என்றாலும், வியாழக்கிழமையே தந்தி கொடு. நல்ல செய்தி என்றால் “சிவப்பு” என்ற ஒரு சொல் போதும். மற்றது என்றால் நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கவேண்டும்.

பெற்றீசியா

---

ஊசிமலை,
27-6-1957

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தபால் கந்தோர் ஐயா ஒரே சொல்லைப் பார்த்துவிட்டு, “இது என்ன, குதிரைப் பந்தயமா?” என்று கேட்டாராம். செல்லசாமி சொன்னான்.

டாக்டர் காலையிலேயே வந்துவிட்டார். கத்திப் பெட்டியை மேசைமேல் வைத்ததைப் பூரணி பார்த்தாள். மூக்கன் வெளியே போய் நின்றுகொண்டான். கட்டை நானே பிரித்தேன்.

அடியிலிருந்து ஓரம்வரை சிவப்பு. மாதுளைப் பழத்தை உடைத்த மாதிரி சின்னச் சின்ன மணிகளாகச் சிவப்பு. டாக்டர் குனிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், இரண்டு விரலையும் மடக்கச் சொன்னார். ஆள்காட்டி விரல் மடங்கியது. நடுவிரல் பாதி மடங்கியது. “எதையும் எடுக்கவேண்டாம். என்ன மருந்து மாற்றினாய்?” என்று கேட்டார்.

“மருந்தை மாற்றவில்லை, ஐயா. துணியை மாற்றினேன்” என்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன், கோட்டு, மூட்டை, கஞ்சி எல்லாவற்றையும். அலுமாரித் துணியில் அயடீன் தொட்டும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தான் போகிற மற்றத் தோட்டங்களிலும் இப்படித் தொட்டுப் பார்க்கச் சொல்லப்போகிறாராம். போகும்போது என் தோளைத் தட்டினார், கஞ்சி போட்ட கோட்டில் டப் என்று சத்தம் கேட்டது. அப்போதுதான் சிரித்தார்.

மூக்கனை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். அவன் வெளியே ஓடினான். எங்கே என்று பார்த்தால், டோபி குடியிருக்கும் காம்பராவுக்கு. இந்த நாளெல்லாம் அழகுமுத்து சரியாகச் சாப்பிடவில்லையாம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது சொன்னபடி அந்த வார்த்தையைப் பற்றி எழுதவேண்டும். பேனாவை எடுத்து வைத்து நேரமாகிறது.

டக்ளஸ்

---

சேசு மரி சூசை துணை

கொட்டகலை,
29-6-1957

அன்புள்ள தம்பிக்கு,

தந்தி வந்தபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லைப் படிக்க எனக்கு இவ்வளவு நேரம் ஆனதே இல்லை. பிறகு வாசல்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். தந்திக்காரன் பயந்துபோய், “யாரு டீச்சர் தவறிட்டாங்க?” என்று கேட்டான். “யாருமில்லப்பா. ரெண்டு வெரலு பொழச்சிருச்சு” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டான்.

அந்த வார்த்தையைப் பற்றி எழுதாதே. எழுதினால் நான் சிவப்பு மையை எடுப்பேன், பழக்கம் விடாது. இங்கே வந்து சொல். என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நீ என் முதுகைப் பார்த்துச் சொல். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. டோரீன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கவேண்டும். படிப்பு என் கவலை, பிள்ளை உன் கவலை என்று அன்று நான் பிரித்து வைத்தது சரியல்ல.

அவளையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா

---

ஊசிமலை,
19-7-1957

அன்புள்ள அக்காவுக்கு,

மழையில் ரோட்டு இடிந்து பஸ் நின்றுவிட்டதால் உங்கள் கடிதம் பிந்தித்தான் வந்தது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு வருகிறோம். றொசல்லைக்குப் போய், புருஷன் வீட்டிலிருக்கும் டோரீனிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். “பெரியத்தை பேசுவாங்களாப்பா?” என்று கேட்டாள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். கடிதத்தைப் பிடுங்கித் தானே முழுக்க வாசித்துவிட்டாள்.

இங்கே எல்லாம் மாறிவிட்டது. கட்டுத்துணி மூட்டைக்குச் சிவப்பு நூல் முடிச்சு, கோட்டு மூட்டைக்கு முடிச்சே இல்லை. துணி வந்ததும் அழகுமுத்து பக்கத்தில் நின்று, “தொட்டுப் பாருங்க ஐயா, தொட்டுப் பாருங்க” என்று அயடீன் போத்தலை அவனே நீட்டுகிறான். மஞ்சளைக் கண்டுதான் போகிறான்.

நேற்றுப் பூரணியின் கட்டைக் கடைசியாகப் பிரித்தேன். தழும்பு இருக்கும், நடுவிரல் கொஞ்சம் விறைப்பு. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், டிஸ்பென்சரிப் படியிறங்கி, ஓரத்துத் தேயிலைச் செடியில் ஒன்றே ஒன்று கிள்ளிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள்.

“இந்தாங்க டாக்டரையா. தராசுல ஏறாத கொழுந்து. டீச்சரம்மாவுக்கு அனுப்புங்க, சேலைக்குப் பதிலு.”

அது இந்த உறைக்குள் இருக்கிறது.

டக்ளஸ்

---

சேசு மரி சூசை துணை

கொட்டகலை,
22-7-1957

அன்புள்ள டக்ளசுக்கு,

ஆகஸ்ட் ஞாயிறுக்குக் கோழி சொல்லி வைத்திருக்கிறேன். டோரீனுக்குப் புளிப்பு பிடிக்கிறதா, இனிப்பு பிடிக்கிறதா என்று எழுது. பஸ்ஸில் அவளை முன் சீட்டில் உட்காரவை, வளைவுகளில் தூக்கிப் போடும். நீ அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வராதே. சாதாரணச் சட்டையில் வா.

பூரணியிடம் சொல், சேலைக் கடன் தீர்ந்தது. கொழுந்து வாடித்தான் வந்தது. ஆனாலும் காம்பை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். நகம் இழுத்த நார் இல்லை, நசுங்கல் இல்லை. ஒடித்த இடம் ஒரே நேராக இருக்கிறது.

அந்த விரல் நன்றாக வேலை செய்கிறது, தம்பி.

அக்கா